உதைக்க மறுத்த கால்

'சின்னத்தாயி, வயது 51. துப்புரவுப் பிரிவு. திறன் வகை: திறனற்றவர். மேற்பார்வை தேவை.' பெங்களூர் பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையின் பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது. இதை எழுதியவருக்கே முதுகு பிடித்துக்கொண்டால் சின்னத்தாயியைத்தான் தேடுவார் என்பது பதிவேட்டில் இல்லை.

சின்னத்தாயி பிறக்கும்போது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மெல்ல உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. எனவே டீ இடைவேளையில் தரையில் அட்டைப்பெட்டி விரிக்கப்படும். இன்ஜினியர்கள் குப்புறப் படுப்பார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து வேலைக்கு வரும் துப்புரவுத் தொழிலாளி ஆளுக்கு மூன்று உதை கொடுப்பார். மேலதிகாரிகளை உதைத்து நன்றியும் வாங்குகிறவர் பெங்களூரில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அறிவியலை நம்பிய ஒரே ஆள் ஷிப்ட் மேற்பார்வையாளர் பாலசுப்ரமணியன். இந்த மூடநம்பிக்கையைக் கண்டித்து இரண்டு சர்குலர் போட்டவர்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவருக்கு வலப்பக்க முதுகில், விலாவுக்குக் கீழே, திடீரென்று வலி எடுத்தது. பத்து நிமிடத்தில் வாந்தி. அடுத்து அவரே அட்டைப்பெட்டியை விரித்துக் குப்புற விழுந்தார்.

"சின்னத்தாயி, ஒதைம்மா. சீக்கிரம்!"

கூட்டம் கூடிவிட்டது. "நல்ல சான்ஸுக்கா, ரெண்டு சர்குலருக்கும் சேத்து வுடு" என்றாள் லேத்தில் வேலை பார்க்கும் பிரபா.

சின்னத்தாயி காலைத் தூக்கினார். தூக்கிய காலை இறக்கிவிட்டார்.

"சார், ஏன் இப்படிப் பொரள்றீங்க?"

"வலிக்குதும்மா! எப்படிப் படுத்தாலும் வலிக்குது!"

"புடிப்பு வந்தவன் பொரள மாட்டான் சார். அசைஞ்சா உயிர் போவும்னு பொம்மையாட்டம் கெடப்பான்." குனிந்து நெற்றியைத் தொட்டார். அடுப்பாகக் கொதித்தது. அந்தக் கொதிப்பிலும் அவர் பற்கள் குளிரில் தந்தியடித்தன. "ஜுரம் வேற. புடிப்புக்கு எங்க சார் குளிர் ஜுரம் வருது? உள்ள என்னமோ கெட்டுப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"ரெண்டு மணிக்கு ஆடிட் இருக்கு. வெறும் வாய்வுதான். ஒதைச்சிட்டுப் போயேன்!"

"ஒதைக்க மாட்டேன் சார். ஒதைச்சா நீங்க இங்கயே படுத்துக்குவீங்க."

அறிவியல் உதைக்கச் சொல்லிக் கெஞ்சியது. மூடநம்பிக்கை டாக்டரிடம் போகச் சொன்னது.

பிரபாவும் சின்னத்தாயியும் ஆளுக்கொரு கை கொடுத்து அவரை வாசல்வரை நடத்திவந்தார்கள். அங்கே காவலாளி கோவிந்தப்பா, "அவுட்பாஸ் எல்லம்மா?" என்று, சீட்டு எங்கே எனக் கன்னடத்தில் கேட்டார். ஷிப்ட் நடுவில் வெளியே போகிற எவரும் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட சீட்டைக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளரோ அப்போது பக்கெட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சைன் ஹாக்கோரே இவ்ரு, கோவிந்தப்பா! கேட் தெகி!"

கையெழுத்துப் போடுகிறவரே இவர்தான், திற என்று சின்னத்தாயி கன்னடத்தில் போட்ட அதட்டலில் கேட் திறந்தது. சரக்கு ஏற்றி நின்ற வேனில் வால்வுகளுக்கு நடுவே மேற்பார்வையாளர் ஏற்றப்பட்டார். மேற்பார்வை தேவைப்படுகிறவர் பக்கெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்கேனில் தெரிந்தது: சிறுநீர்க் குழாயில் கல். கல்லுக்குப் பின்னால் தேங்கிய நீரில் கிருமி.

"கல் மட்டும்னா மாத்திரை குடுத்துப் பாக்கலாம். அடைப்போட ஜுரமும் சேந்தா ஒரு மணி நேரம்கூடக் காக்கக் கூடாது. சாயங்காலம் கொண்டுவந்திருந்தா கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும், ஆளைக் காப்பாத்தறதே கஷ்டம்" என்ற டாக்டர் சந்தேகத்தோடு கேட்டார்: "யாராவது முதுகுல மிதிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். மிதிக்கிறவளே நான்தான்."

அன்று மதியமே குழாய் வைத்து அடைப்பை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்று வாரத்தில் பாலசுப்ரமணியன் வேலைக்குத் திரும்பினார். அவரை வரவேற்ற கைதட்டல் அடங்கியதும் மூன்றாவது சர்குலர் வந்தது: 'முதுகுவலியோடு வாந்தி, காய்ச்சல், நெஞ்சுவலி, மயக்கம், கால் மரத்துப்போதல், சிறுநீர் வராமை எது இருந்தாலும் சின்னத்தாயி உதைக்க மாட்டார். அவுட்பாஸ் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.' மற்றவர்களை உதைக்கலாம் என்பது அதன் மறைமுகப் பொருள். வரிசை இப்போது இன்னும் நீளம்.

"சாரை ஒதைக்கிற சான்ஸ விட்டுட்டியேக்கா" என்று பிரபா மட்டும் இன்னும் அங்கலாய்க்கிறாள்.

பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சின்னத்தாயி பாலசுப்ரமணியனை உதைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.