பூச்சியக்காவும் கடிக்கிற வெட்டுக்கிளியும்

உயிரியல் பூங்காவில் பூச்சிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் பூச்சியக்கா என்றே கூப்பிட்டார்கள். மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள்.

அவள் பொறுப்பில் மழைக்காட்டு வெட்டுக்கிளிகள் இரண்டு வகை இருந்தன. இரண்டுமே உள்ளங்கையை அடைக்கும். ஒன்று அச்சு அசல் இலை. சிறகில் இலை நரம்புகூட ஓடும். தொட்டால் செத்ததுபோல் கிடக்கும், காலைப் பிடித்தால் காலையே விட்டுவிட்டு நழுவும். மற்றதற்கு அந்த வேஷமெல்லாம் கிடையாது. கழுத்தெல்லாம் முள், காலெல்லாம் முள். கிட்டே போனால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு கரகரவென்று கத்தும். அதையும் மீறினால் கடிக்கும்.

ஒருநாள் மேலாளரின் மைத்துனர் படமெடுக்கும் ஆசையில் முள்வெட்டுக்கிளிப் பெட்டிக்குள் கையை விட்டார். விரலில் ரத்தம்.

"எல்லாத்தையும் ஃப்ரீசர்ல போட்டுக் கொன்னுடு. இலை மாதிரி இருக்கிறது மட்டும் போதும்" என்றார் மேலாளர்.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"அது இருக்கிற இடத்துல இவர் கைய விட்டார், கடிச்சுது. தொட்டா சும்மா கிடக்கிறதுதான் நல்ல பூச்சியா?"

"எதிர்த்தா பேசற? நாளைக்கு டிக்கெட் கவுண்டருக்குப் போயிடு!"

"போறேன். ஆனா என் கையால கொல்ல மாட்டேன். பெட்டி இதோ இருக்கு, நீங்களே எடுங்க."

மேலாளர் காவலாளியைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தோட்டக்காரரோ, "எனக்குச் சர்க்கரை இருக்கு சார், காயம் ஆறாது" என்று நழுவினார். மேலாளரே மூடியை லேசாகத் தூக்கினார். உள்ளே அத்தனையும் ஒரே குரலில் கத்தின. மூடி படாரென்று விழுந்தது.

வீட்டில் வேன் ஓட்டும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பூச்சிக்காகவா வேலைக்கு உலை வச்சுக்கிட்ட?"

"ஆமா. வேலை போனா வேற வேலை பார்த்துக்கறேன்."

மறுநாள் காலை அவரே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கவுண்டரில் உட்கார்ந்தும் அவள் அடங்கவில்லை. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரிடமும், "கடிக்கிற வெட்டுக்கிளிய மறக்காம பாருங்க" என்றாள். பூச்சிக்கூடத்தில் கூட்டம் முண்டியடித்தது. தீனி போடத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டொரு நாளில் மேலாளரே கவுண்டர் ஜன்னலுக்கு வந்தார்.

"சரி, வந்து தீனி போடு."

"இனிமே யாரும் உள்ள கைய விடக் கூடாது. உங்க வீட்டு ஆளுங்களும்தான். கொல்ற பேச்சும் கூடாது. சம்மதம்னா வரேன்."

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சம்மதம்" என்றார் மேலாளர், தரையைப் பார்த்தபடி.

அன்றே அவள் முள்வெட்டுக்கிளிப் பெட்டியைப் பூச்சிக்கூடத்தின் வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டாள். மேலாளர் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்.