விரதம் வேறு, வெறும் வயிறு வேறு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மலாக்காவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட. சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அத்தை தெய்வானை இருக்கிறார், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் நோய், அதாவது சர்க்கரை வியாதி. கிளினிக்கில் அவருக்கு இரண்டு முறை மருந்தைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு குளியலறையில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். கிளினிக் அட்டையிலோ மலாயில் "தீடாக் பாத்தோ", அதாவது சொல் பேச்சு கேட்காதவர் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் பரிசோதனையில் சர்க்கரை இறங்காவிட்டால் இன்னும் கூட்டுவார்களாம். இருபது வருடம் தாதியாக வேலை பார்த்த எனக்கு இரத்தம் கொதிக்காதா?

கிள்ளானில் காலை எட்டரைக்கு பஸ். டிக்கெட் இருபது வெள்ளி, மலாக்கா சென்ட்ரலுக்கு இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தோட்டம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு ஐம்பத்தைந்து வெள்ளி. டாக்சிக்கார அண்ணன், "கிளினிக்குக்கா? ஏழு மணிக்கே நம்பர் எடுத்துருங்கலா, இல்லனா மதியம்தான்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் காலை ஆறு மணி. அத்தை குளித்து, விளக்கேற்றி, ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிசாங் மாஸ் வாழைப்பழமும் சாப்பிட்டார்.

"அத்த, இன்னிக்கு ரத்தம் எடுக்கணும்ல?"

"அதான்லா விரதம் இருக்கேன். மிஸ்ஸிதான் சொன்னாங்க. ராத்திரிலேருந்து சோத்தத் தொடல, பாலும் பழமும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. கிளினிக்கில் மலாயில் "புவாசா" என்பார்கள். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று அர்த்தம். நம் வீட்டு விரதத்தில் பாலும் பழமும் உண்டு. அதைச் சாப்பிட்டுப் போனதால் பரிசோதனையில் சர்க்கரை கூடித் தெரிந்து, மருந்தைக் கூட்டி, அந்த மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறது. இந்த மனுஷி சொன்ன சொல்லை அப்படியே கேட்டுத்தான் மயங்கி விழுந்திருக்கிறார்!

கிளினிக்கின் பெயர் வேண்டாம். இரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த மிஸ்ஸி, அந்தத் தாதி, நம் தமிழ்ப் பெண்தான். "புவாசாவைத் தமிழ்ல என்னன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"விரதம்னுதான். ஏன்க்கா?"

"அத்த, விரதத்துல என்ன சாப்பிட்டீங்கன்னு மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க."

அத்தை சொன்னார். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் அப்படித்தான்க்கா சொல்றேன்" என்றாள். பெஞ்சில் இருந்த நம்மவர்களிடம் ஓடிப்போய் விசாரித்தாள். ஒருவர் பால் காப்பி, இன்னொருவர் இளநீர். அவளை நான் திட்டவில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் கோபம் அந்த அட்டைமேல்தான்.

பரிசோதனையை மறுநாளைக்கு மாற்றினார்கள். வெறும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார் அத்தை. சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்தார்.

அப்பா அம்மாவை இப்படிக் கூட்டிப்போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் போய்விடுங்கள். காலை மருந்தை எப்போது போடுவது என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள். முக்கியமாக, வாயில் என்னென்ன போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிளினிக்கில் எதிர்த்துக் கேட்க வெட்கப்படாதீர்கள். அட்டையில் இருந்த "தீடாக் பாத்தோ" வரியை டாக்டர் அடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

டாக்டர் அடித்தார். நான் எழுந்தேன். அத்தை எழவில்லை.

"அடிச்சா பத்தாது டாக்டர். சொன்னதத்தான் செஞ்சேன்னு எழுதுங்க."

எழுதினார்.