சவுக்கங்கன்றுகளுக்கும் ஆஜர்

விறகுக்கடையில் ஈரச் சவுக்குக் கட்டையின் வாசனை வந்ததும், சதுரங்கப்பட்டினம் கடலோரத்தில் இன்று சுவடே இல்லாத எங்கள் கீற்றுக்கொட்டகைப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வகுப்புக்குள் ஓயாமல் ஏறிய மணலைத் தடுக்க, வெளியே ஆளுக்கொரு சவுக்கங்கன்று நட்டிருந்தோம். தினமும் டீச்சர் எங்கள் பெயரைச் சொல்லிக் கன்றுகளுக்கும் ஆஜர் எடுப்பார், அவரவர் கன்றருகே நின்று, அதற்காக "உள்ளேன் டீச்சர்" என்போம்.

ஒரு புயல் ஓய்ந்த காலையிலும் ஒவ்வொரு பெயருக்கும் குரல் வந்தது. காய்ச்சலில் கிடந்த வள்ளியின் பெயருக்கு மட்டும் பதில் இல்லை. அவள் கன்று இருந்த இடத்தில் மணல்தான் மேடாகக் கிடந்தது. மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மா கூடையை இறக்கிவைத்து, இரண்டு கையாலும் மணலை வாரி வாரித் தள்ளினாள்.

"கீது டீச்சர். நிமிந்து நின்னுகினு கீது."

அன்று யாருமே ஆப்சென்ட் இல்லை.