நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக் கழிவுத் தூள் குவிந்த சயனைடு மேட்டின் அடிவாரத்தில் ஐடா டீக்கடை வைத்திருக்கிறாள். மாயாஜாலப் படம் எடுத்த இடத்தைத் தேடி வரும் ரசிகர்களிடம் தவறாமல் சொல்வாள்: "ஆடி மாசம். பத்து மணிக்கு மேல ஏறாதீங்க, காத்து எழும்பும்."

மனோகரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

அந்தப் படத்தின் முதல் பாகத்துக்கு இடம் பார்க்க பெங்களூரிலிருந்து வந்தவன் அவன். சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் பித்தளை டோக்கனை மேலே கொடுத்துவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒரு நாள் இறங்கிய ஐடாவின் அப்பா ஆபிரகாம் ஏறி வரவில்லை. டோக்கன்தான் வீட்டுக்கு வந்தது. ஒரு காட்சிக்கென்று அதை இரவல் வாங்கிப் போன மனோகர், ஆறு வருடமாக அவள் போனை எடுக்கவில்லை.

இப்போது மூன்றாம் பாகத்துக்காகக் கேமராவோடு வந்து நின்றான். அவளை அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, மேல போட்டோ எப்போ நல்லா வரும்?"

"பதினோரு மணிக்கு ஏறுங்க சார். சூப்பரா வரும்."

பன்னிரண்டு மணிக்குத் தலை முதல் ஷூ வரை சாம்பலாக இறங்கி வந்தான். கண் திறக்க முடியவில்லை.

"அக்கா, தண்ணி!"

ஐடா செம்பைக் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டாள். "ஆபிரகாம் டோக்கன் எங்க கீது? நானூத்திப் பதினேழு."

"ஐயோ... பெங்களூர் ஆபீஸ்ல இருக்குக்கா!"

"அப்ப கேமராவ குடு. எங்கப்பா டோக்கன வெச்சிட்டுதான் எறங்குனாரு. நீயும் இத வெச்சிட்டுப் போ. அத கொண்டாந்து குட்த்துட்டு இத வாங்கிக்க."

கேமரா கைக்கு வந்த பிறகுதான் செம்பைச் சாய்த்தாள். ஒரு கண்ணைக் கழுவ மட்டும் போதுமான தண்ணீர்.