பிளாஸ்டிக் டிரம்முக்கு அடியில் நான் செத்த கதை

நான் வளைகுடாவுக்குக் கிளம்புவதற்கு முன்பே குடவாசல் பஸ் ஸ்டாண்டில் என் கூட்டாளிகள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட நான், பின்னால் எந்த நாட்டு எண்ணெய் ஆலையோ, தலைக்கு மேல் ‘எண்ணெய் உலகம் காணப்போகும் எங்கள் சிங்கமே’. சிங்கம் அதுவரை ஓட்டியது நெல் அறுக்கும் மெஷின். நாகூரில் ஒரு வாரப் பயிற்சியில் தேறினால்தான் விசா என்பதை மட்டும் யாரும் ஃபிளெக்ஸில் போடவில்லை. தேறாவிட்டால் அதே சிங்கத்துக்குக் கீழேதான் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். சொல்லிக்கொடுத்தது நாகூர்ப் பெண், இன்ஜினியர், என்னைவிட ரொம்பச் சின்னவள். “அண்ணே, அண்ணே” என்று மரியாதையாகக் கூப்பிட்டே மானத்தை வாங்குகிற ரகம். கச்சா எண்ணெயில் நல்லதையெல்லாம் பிரித்த பிறகு தார் மாதிரி ஒரு கசடு மிஞ்சுமாம். அதைக் காய்ச்சி, பல மாடி உயர இரும்பு டிரம்முக்குள் விட்டால் உள்ளேயே இறுகிக் கரியாகுமாம். அதற்குப் பெயர் கோக். தண்ணீர் விட்டு அதை ஆற்றி, அந்தத் தண்ணீரை வடித்து, அடி மூடியைத் திறந்து, கரியை வெட்டி எடுக்க வேண்டும். அட, அடிப்பிடித்த சோற்றுப் பானையைக் கழுவுகிற வேலை! இதற்கா ஒரு வாரம் வகுப்பு என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். “தண்ணி வடிஞ்சு நின்னாலும் குழாய் அடைச்சு நின்னாலும் வெளியில பாக்க ஒரே மாதிரிதாண்ணே இருக்கும்” என்று அவள் சொன்னது அந்தச் சிரிப்போடு போயிற்று.

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற ஆலையின் மாதிரி எப்படி இருந்தது தெரியுமா? இரும்பு ஸ்டாண்டில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம். உள்ளே சேறு, உமிக்கரி, தண்ணீர். பக்கத்தில் ஒரு வடிகுழாய், அடியில் ஒரு மூடி. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் என்று மாப்பிள்ளைக் களையோடு போய் நின்றேன். குழாயைத் திறந்தேன். கொட்டியது, ஒழுகியது, சொட்டியது, நின்றது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வயலில் தண்ணீர் வடிய விடுகிறவனுக்கு இது தெரியாதா? “வடிஞ்சிடுச்சு மேடம்” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, டிரம்முக்கு அடியில் போய் மூடியைத் தளர்த்தினேன்.

அத்தனை சேற்றுத் தண்ணீரும் என் தலையில் இறங்கியது.

“குழாய் அடைச்சிருந்துச்சுண்ணே. அங்கன்னா இது கொதிக்கிற தண்ணி” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “நீங்க செத்துட்டீங்க.”

மண்டபமே சிரித்தது. செத்தவர்களுக்கு அவள் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பாள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில், செத்தவரே சாவுச் செய்தியைச் சொல்ல வேண்டும். என்ன கொழுப்பு பாருங்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்திருப்பேன். ஃபிளெக்ஸ் கண்முன் வந்து நின்றதால் மனைவிக்குப் போன் போட்டேன்.

“நான் செத்துட்டேன்” என்றேன் இளித்துக்கொண்டு.

“வாயக் கழுவுங்க! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?”

நடந்ததைச் சொன்னேன். நிஜ ஆலையில் அது கொதிக்கிற தண்ணீர் என்பதையும் சொன்னேன்.

“நம்ம வரப்புக் குழாயில தண்ணி நின்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

“கம்ப விட்டுக் குத்திப் பாப்பேன். செத்தை அடைச்சிருக்கும்.”

“அங்க ஏன் குத்தல?”

கம்பெனிக் குழாயில் செத்தை எங்கே வரப்போகிறது என்று ஒரு மரியாதை. ஹெல்மெட் போட்டவன் கம்பைத் தேடினால் பட்டிக்காட்டான் என்பார்களே என்று ஒரு பவிசு. இதை ஸ்பீக்கரிலா சொல்ல முடியும்?

“நெல்லு அழுகிடும்னு கொட்டுற மழையில போய்க் குத்துவீங்க. நீங்க வெந்து போனா மட்டும் பரவாயில்லையா?” அவள் குரல் உடைந்தது. “அந்த வேலையே வேணாம். வீட்டுக்கு வந்துடுங்க.”

இப்போது மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டு, “வைக்காத, இரு” என்றேன்.

டிரம்மை மறுபடி நிரப்பினார்கள். நிஜ ஆலையில் நீராவியை விட்டு அடைப்பைத் தள்ளுவார்களாம்; இங்கே ஒரு கம்பி கொடுத்தார்கள். தண்ணீர் நின்றதும் குத்தினேன். குபுகுபுவென்று கொட்டி, மறுபடி நின்றது. திறக்கலாமா என்று இன்ஜினியரைப் பார்த்தேன். அவள் போனைக் கைகாட்டினாள்.

“தெறக்கவா?” என்றேன்.

“இன்னொரு தடவ குத்துங்க” என்றது போன்.

குத்தினேன். இன்னும் கொஞ்சம் வந்தது. அதுவும் வடிந்து, கம்பி தடையில்லாமல் உள்ளே போய் வந்த பிறகுதான் மூடியைத் திறந்தேன். சேறு மட்டும் பொத்தென்று விழுந்தது.

“தண்ணி வரல” என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

“அப்படின்னா போயிட்டு வாங்க” என்றாள்.