மூன்று மில்லிமீட்டருக்காகக் காத்திருந்தது

சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபத்தொன்பதாவது வயதில், எனக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. பக்கத்து மருத்துவமனை டாக்டர், வயிற்றில் நாலு துளை போட்டு எடுத்துவிடலாம், இந்த வாரமே செய்துகொள்ளுங்கள் என்றார். லீவும் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

பல்லடத்திலிருந்து வந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்போது ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. "வயித்துல நாலு தழும்போட உன்னைய எப்படிக் கண்ணு கட்டிக்குடுக்கறது?" என்றாள். யார் யாரிடமோ விசாரித்து, இன்னொரு மருத்துவமனையில் இதே ஆபரேஷனைச் சன்னமான கருவிகளால் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து, என்னை அங்கே கூட்டிப்போனாள்.

அந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "மூணு மில்லிமீட்டர் கருவிங்க. தழும்பு அவ்வளவாத் தெரியாது. ஆனா பித்தப்பை வீங்கிப்போச்சுன்னா இதால புடிக்க முடியாது, பெரிய கருவிக்கு மாத்தோணும். அதுவும் ஆகலீன்னா வயித்தைத் திறக்கோணும். எனக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி இருக்குது. அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, வழக்கமான முறையிலயே செஞ்சுக்குங்க."

அம்மாவின் காதில் தழும்பு தெரியாது என்பது மட்டும்தான் விழுந்தது. "மூணு வாரந்தானுங்களே, இருந்துக்கறமுங்க."

நானும் தலையாட்டினேன்.

பதினேழாம் நாள் அலுவலகத்தில் குளிர்காய்ச்சலோடு சுருண்டு விழுந்தேன். பித்தப்பை சீழ் பிடித்திருந்தது. துளை வழியாக முயன்று முடியாமல், வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது அம்மா டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏனுங்க டாக்டர், இது மறைஞ்சு போயிருமுங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். தரகர் சொன்னதை என் கட்டிலருகே வந்து சொல்லிவிட்டு, "போச்சாது உடு கண்ணு, வேற எடம் பார்க்கலாம்" என்றாள் அம்மா.

"எனக்கு வலிக்குதான்னு ஒருக்காவாச்சும் கேட்டயாம்மா?"

அவள் என் தலையணையைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்த எந்த ஜாதகத்தையும் நான் தொடவில்லை. அவளை இன்னும் மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான். சொந்தச் சம்பாத்தியத்தில் நின்றவள், டாக்டர் அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் ஏன் வாயைத் திறக்காமல் இருந்தேன்?