தண்ணீர் விட்ட சனிக்கிழமை

மெல்பேர்ணில் கோல்ஃபீல்ட் பக்கமுள்ள ஒரு யூத முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. டண்டினோங்கில் இருந்து ரயிலில் போய்வருவேன். முதல் வருடம் முழுக்கத் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை. இறைச்சிக்கு ஒரு கத்தி, பால் சாமானுக்கு இன்னொரு கத்தி என்று பழகினேன். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கப் பழகினேன். அடுப்பை மட்டும் நான் பற்றவைப்பதில்லை. அது எங்கள் மேற்பார்வையாளரின் வேலை. சாப்பாடு அவர்களுடைய சமய விதிப்படி தயாராகிறதா என்று பார்ப்பதற்காகவே அங்கே இருந்தவர் அவர். அறுபதைத் தாண்டிய மனிதர், நரைத்த தாடி, எந்நேரமும் கறுப்புத் தொப்பி. அதிகம் பேசமாட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் காலையிலிருந்தே ஒரு பெரிய பானை அடுப்பில் ஏறும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, எலும்போடு மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்துச் செய்வது. சோலெண்ட் என்பார்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு அதுதான். நான் மாட்டிறைச்சி தொடாத சைவ சமயக் குடும்பத்தில் பிறந்தவள். வெள்ளி என்றால் மரக்கறி, வேலை முடிந்தால் கேரம் டவுன்ஸ் கோயில். அதனால் அந்தப் பானையை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. நிறத்தையும் வாசத்தையும் வைத்தே உப்புச் சரியா என்று சொல்லிவிடுவேன். பின்னேரம் அது வெந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மறுநாள் மதியம் வரைக்கும் அந்தப் பானைக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, வார இறுதியில் வேலை செய்பவளுக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது. வரமுடியுமா என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சமையலறை அன்றைக்கு வேறொரு இடம்போல இருந்தது. அடுப்பின்மேல் ஒரு தகரத் தட்டு விரித்து, திருகும் குமிழ்களையும் மூடி வைத்திருந்தார்கள். தட்டின்மேல் என் பானை. காலை பத்து மணியிருக்கும், மூடியைத் திறந்து பார்த்தேன். ஓரமெல்லாம் வற்றி, அடியில் பிடிக்கப்போகிற வாசம் வந்தது. உலகத்தில் எந்தச் சமையல்காரியும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நீளக் கரண்டியால் அடிவரை சுரண்டிக் கிண்டினேன். குழாயில் ஒன்றரை ஜக் பச்சைத் தண்ணீர் பிடித்து ஊற்றி மூடினேன். நல்ல நேரத்தில் வந்தேன் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

தேநீர்த் தட்டுகளை எடுக்க ஒரு பெண் உள்ளே வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. இந்த இல்லத்தில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஐந்து வருடமாக இருந்தாள்.

"வாசனை தூக்குதேக்கா."

"ஓம். அடிப்பிடிக்கப் பார்த்தது. தண்ணி விட்டுக் கிண்டினனான்."

அவள் தட்டை அப்படியே கீழே வைத்தாள். "தண்ணி விட்டீங்களா? இன்னைக்கா? ஐயோ அக்கா, சனிக்கிழமை இவங்களுக்கு ஓய்வு நாள், சமைக்கவே கூடாது. அந்தப் பானையை யாரும் தொடமாட்டாங்க. கிண்டவே கூடாது. பச்சத்தண்ணி ஊத்துனா அது இன்னைக்குச் சமைச்ச மாதிரி ஆயிடும்."

நான் பானையைத் திரும்பிப் பார்த்தேன். அறுபது பேருக்கான சாப்பாடு அந்தப் பானைக்குள் இருந்தது.

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாரும் பாக்கல. நானும் சொல்லமாட்டேன்."

அவள் என்மேல் உள்ள அன்பால் சொன்னாள், எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசிக்கவும் செய்தேன். ஆனால் சாப்பிடப் போகிறவர்களில் பலர் தொண்ணூறு வயதுவரை இந்த விதிகளைக் காப்பாற்றி வந்தவர்கள். அவர்கள் தட்டில் தெரியாத ஒன்றைப் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது எனக்குத் தெரியாமல் என் சோற்றில் மாட்டிறைச்சிக் குழம்பைக் கலந்தால் நான் என்ன பாடுபடுவேன்?

மேற்பார்வையாளர் இல்லத்துக்குள்ளேயே இருந்த பிரார்த்தனை அறையில் இருந்து வரும்வரை நடையில் காத்து நின்றேன். வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டினேன், தண்ணீர் விட்டேன், ஒன்றரை ஜக்.

அவர் கோபப்படவில்லை. "கொதித்த தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?" என்று மட்டும் கேட்டார்.

"குழாய்த் தண்ணீர்."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. எங்கள் மதகுரு ரபாயிடம் கேட்க வேண்டும்."

"நான் போன் எடுத்துத் தரட்டுமா? நான் யூதப் பெண் இல்லைதானே."

முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். "நீங்கள் எடுக்கலாம். இன்றைக்கு அந்தப் பக்கம் அவர் போனைத் தொடமாட்டாரே."

ரபாய் இருந்த ஜெப ஆலயம் இருபது நிமிட நடை. வெளியே நல்ல மழை. என் குடையை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் பின்னால் ஓடினேன். குடை விரிப்பதும் இன்றைக்குக் கூடாது என்று சொல்லிவிட்டு, கோட்டின் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டு, அந்த மழையிலேயே வேகமாக நடந்து போனார். என்னால் ஒரு மனிதர் நனைகிறாரே என்று அந்த வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மண்டபம் நிறைந்தது. ரொட்டி கொடுத்தோம். குளிர்ந்த மீன், முட்டைச் சாலட் கொடுத்தோம். அதுவும் முடிந்தது. ஹங்கேரியில் பிறந்த ஒரு அம்மா, தொண்ணூற்று மூன்று வயது, கரண்டியால் மேசையில் தட்டினார்.

"சோலெண்ட் எங்கே? நடந்து வருகிறதா?"

நடந்துதான் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பரிமாறுங்கள்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். இங்கே இருப்பவர்கள் வயதானவர்கள், நோயாளிகள். சூடான சாப்பாடு அவர்களுக்கு அவசியம். யூதரல்லாத நான் அவர்களுக்காகச் செய்ததை அவர்கள் சாப்பிடலாம். உடம்பு நன்றாக உள்ளவர்கள், அதாவது பார்க்க வந்திருக்கும் பிள்ளைகளும் அவரும், அந்தப் பானையில் இருந்து இன்றைக்குச் சாப்பிடக் கூடாது.

அறுபது தட்டும் ஆவி பறக்கப் போயின. ஹங்கேரி அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாயிருக்கிறது. யாரோ தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறார்கள்" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அங்கே மேற்பார்வையாளர் நனைந்த கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, ரொட்டியும் மிஞ்சிய குளிர் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னியுங்கள்" என்றேன்.

"ரபாய் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். அந்தச் சமையல்காரிக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று. இல்லை என்றேன். தவறு என்னுடையது. ஒரு வருடம் உங்களுக்கு வெள்ளி வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்."

மீதியைத் திங்கட்கிழமை சொன்னார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவர் எதிரில் உட்கார்ந்தார். வெள்ளி சூரியன் மறையுமுன் சமையல் முடிந்துவிட வேண்டும். அதன்பிறகு சூடு தன்பாட்டில் இருக்கலாம், மனிதர் அதைக் கூட்டக் கூடாது. தகரத் தட்டு போடுவது, நெருப்பைக் கூட்டிக் குறைக்கும் ஆசை வராமல் இருக்க.

"அப்படியென்றால் பானையைப் போர்வையால் சுற்றி வைத்தால் என்ன? நான் வீட்டில் தேநீர்க் கேத்தலைத் துவாயால் சுற்றுவேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்து அறிஞர்கள் இதைப்பற்றியே உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்களாம். துணியும் இறகும் இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் ஒலிவக்காய்ச் சக்கை தானே சூட்டைக் கொடுக்கும். முதல் வகையால் வெள்ளியே சுற்றி வைக்கலாம், இரண்டாவதால் கூடாது. அடுப்பின்மேல் இருக்கும் பானையை முழுக்கச் சுற்றினாலும் கீழேயிருந்து சூடு ஏறும், ஆகவே அதுவும் கூடாது. சக்கைக்கும் இறகுக்கும் வித்தியாசம் பார்த்துச் சட்டம் எழுதியவர்களை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவர்கள் அடுப்படிக்குள் வந்து பார்த்தவர்கள்.

அந்த வாரம் முழுக்க ரயிலில் அதே யோசனை. கிண்டவும் கூடாது, தண்ணீர் விடவும் கூடாது, அடியும் பிடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எலும்புகளை எல்லாம் பானையின் அடியில் படுக்கை மாதிரிப் பரப்பினேன். பீன்ஸ் தகரத்துச் சூட்டுக்கு நேரே படாமல் அதன்மேல் இருந்தது. பிறகு சோற்றுக்கு அளப்பதுபோலச் சுட்டுவிரலைப் பிடித்து, வழக்கத்தைவிட ஒரு விரல் கணு மேலே நிற்கும்படி தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். மூடியின் கீழே பேக்கிங் தாளை இறுக்கிப் போட்டேன்.

அந்தச் சனி எனக்கு வேலை இல்லை. ஆனாலும் ஒன்பது மணி ரயிலில் போனேன். பன்னிரண்டுக்கு மூடியைத் திறந்தார்கள். செம்மண் நிறத்தில், பீன்ஸ் ஒவ்வொன்றும் வெளியே முழுதாக, உள்ளே குழைந்து நின்றது. மேற்பார்வையாளர் தன் தட்டில் இரண்டு அகப்பை போட்டுக்கொண்டு வந்து என் முன்னாலேயே நின்று சாப்பிட்டார். பிறகு மூன்றாவது அகப்பைக்குத் திரும்பப் போனார். ஹங்கேரி அம்மா ஆள் அனுப்பி, தன் தாய் செய்ததற்கு இது இரண்டாவது என்று சொல்லச் சொன்னார். முதலாவது வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை.

இப்போது சனிக்கிழமைகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சாலட் வெட்டுவேன், தட்டு அடுக்குவேன், பிறகு தேநீரோடு கதிரையில் உட்கார்ந்து, கோயம்புத்தூர்ப் பெண்ணோடு கதைப்பேன். என் சமையல் முதுகுக்குப் பின்னால் தன்பாட்டில் ஆகிக்கொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை மேற்பார்வையாளரின் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. என் சோலெண்டை வீட்டில் செய்து பார்க்கிறாராம். எலும்புப் படுக்கை புரிந்தது, பேக்கிங் தாள் புரிந்தது, ஆனால் தண்ணீர் ஒரு விரல் கணு என்று கணவர் சொன்னாராம்.

"யாருடைய விரல்? உங்களுடையதா, அவருடையதா?" என்று கேட்டார்.